காற்று மாறும் வரை

கொச்சித் துறைமுகத்திற்கு வரும் பெரிய சரக்குக் கப்பல்களை நம்மில் பலரும் பார்த்திருக்கிறோம். வல்லார்பாடத்துத் துறைமேடையில் கப்பல் அணைகிறது. பளுதூக்கிகள் பெட்டிகளை இறக்குகின்றன, ஏற்றுகின்றன. ஓரிரு நாளில் அவ்விடம் வெறுமையாகிவிடுகிறது. அக்கப்பலில் வந்தவர்கள் ஊருக்குள் கால் வைத்தார்களா என்பதே ஐயம்தான்.

சென்ற ஆண்டு செப்டம்பர் இறுதியில் இதே துறைமுக வாயிலின் வழியே வேறொரு கலம் வந்தது. அதன் நீளம் 12 மீட்டர், ஒரே பாய்மரம். அதில் வந்தவர் இருவரே. அறுபது வயதைக் கடந்த ஓர் ஐரோப்பியத் தம்பதியர். ஓமான் நாட்டின் சலாலாத் துறையிலிருந்து பதின்மூன்று நாள் பாய் விரித்து வந்திருந்தனர். போல்காட்டித் தீவின் ஓரத்தில் படகைக் கட்டினர். ஐந்து வாரம் தங்கி ஊரைப் பார்த்துவிட்டு, நவம்பர் முதல் வாரத்தில் வந்த வழியே திரும்புவது அவர்கள் எண்ணம். டிசம்பரில் அவர்களுடைய மகளுக்குப் பேறுகாலம். படகைச் சலாலாவில் பத்திரமாக விட்டுவிட்டு இருவரும் சேர்ந்து ஊர் போய்ச் சேர வேண்டும் என்பது அம்மையாரின் ஆசை.

ஆனால் அப்படகு கொச்சியை விட்டுப் புறப்பட்டது சனவரி முதல் வாரத்தில். ஐந்து வாரம் என்பது பதினான்கு வாரமாயிற்று. இதற்குக் காரணம் என்ன? இயந்திரக் கோளாறா? இல்லை. அலுவலகத் தடையா? அதுவும் இல்லை. என் ஆய்விற்காக நான் மரத்துண்டுகளையும் உலோகத் தகடுகளையும் கயிற்றில் கட்டி நீரில் தொங்கவிட்டிருந்த படகுத்துறை அவர்கள் படகிற்கு அடுத்தது. எனவே நாள்தோறும் அவர்களைக் கண்டு பேசும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. அந்தப் பதினான்கு வாரத்தின் காரணத்தை ஆராயப் புகுந்தபோது, கொச்சி என்ற ஊர் உண்டானதன் காரணமும் எனக்கு ஒருவாறு விளங்கிற்று. அதனை இங்கே கூற விழைகிறேன்.

காற்றின் கணக்கு

கொச்சியிலிருந்து சலாலா ஏறத்தாழ 1,350 கடல்மைல். அதாவது 2,500 கிலோமீட்டர். இத்தகைய படகு நல்ல காற்றில் மணிக்கு 5 கடல்மைல் செல்லும். இரவும் பகலும் ஓடினால் ஒரு நாளைக்கு 120 கடல்மைல். ஆக, பதினோரு அல்லது பன்னிரண்டு நாள் பயணம். ஆயின் 'நல்ல காற்று' என்றால் என்ன?

எந்தப் பாய்மரப் படகும் காற்று வரும் திசையை நேராக எதிர்த்துச் செல்ல முடியாது. காற்றின் திசைக்கு 45 பாகை ஒதுங்கி, முதலில் ஒருபுறம், பின்பு மறுபுறம் என வளைந்து வளைந்துதான் முன்னேற வேண்டும். அப்போது 100 மைல் நேர்வழி 140 மைலுக்கு மேல் ஆகிவிடும். காற்று பாயின் மேல் செலுத்தும் விசையோ அதன் வேகத்தின் இருமடிப் பெருக்கத்தைப் பொறுத்தது. வேகம் இரட்டித்தால் விசை நான்கு மடங்காகும். எனவே எதிர்க்காற்று வலுக்க வலுக்க, வழியும் நீள்கிறது; படகின் மேல் விழும் அடியும் பெருகுகிறது.

அரபிக்கடலில் இக்காற்றை ஆள்வது பருவம். சூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று. ஞாயிற்றின் வெப்பத்தால் ஆசிய நிலப்பரப்புச் சூடேறி, அங்கே காற்றழுத்தம் குறைகிறது. தென்கோளத்திலிருந்து வரும் காற்று நிலநடுக்கோட்டைக் கடந்ததும், புவியின் சுழற்சியால் வலப்புறம் திரும்பி, சோமாலியாவின் கரையோரமாக நம் மேற்குக் கரையை நோக்கி விரைகிறது. தரைக்கு ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீட்டர் உயரத்தில் ஆறுபோல் ஓடும் இக்காற்றோட்டத்தைப் பின்ட்லேட்டர் என்னும் வானிலை அறிஞர் 1960-களின் இறுதியில் ஆராய்ந்து விளக்கினார். இன்று அது அவர் பெயராலேயே வழங்குகிறது. சூலையில் நடுக்கடலில் மணிக்கு 25 முதல் 30 கடல்மைல் வேகத்தில் காற்று வீசுவது வழக்கம். அக்காலத்தில் சிறு படகு எதுவும் அங்கே செல்ல விரும்பாது. செப்டம்பரில் அதன் சீற்றம் தணிகிறது. திசை மட்டும் மாறாதிருக்கிறது. அதுவே மேற்கிலிருந்து கிழக்கே வருவதற்கு உரிய வேளை. நம் தம்பதியர் வந்ததும் அப்போதுதான்.

திரும்பிச் செல்ல வடகிழக்குக் காற்று வேண்டும். அது நிலைபெறுவது டிசம்பரில். அப்போது நிலம் குளிர்ந்து, காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கிப் பாய்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலை அதனைப் பெரும்பாலும் தடுத்துவிட்டாலும், பாலக்காட்டுக் கணவாய் ஒரு சாளரம்போல் திறந்திருக்கிறது. கோயம்புத்தூர்ப் பக்கத்துக் காற்று அதன் வழியே புகுந்து கேரளக் கரையைத் தாண்டிக் கடலுக்குள் நெடுந்தூரம் செல்கிறது. மேற்கே போகும் படகிற்கு இக்காற்று பக்கவாட்டில் அமையும். பாய்க்கு அதைவிட இனிய காற்று வேறில்லை. ஆக, கொச்சியிலிருந்து அரபு நாட்டிற்குச் செல்லும் பாய்மரப் படகை முதலில் தள்ளிவிடுவது தமிழ்நாட்டிலிருந்து வரும் காற்று என்று நான் சொன்னபோது, அப்பெரியவர் வாய்விட்டுச் சிரித்தார்.

புயலின் கணக்கு

அக்டோபரும் நவம்பரும் இடைக்காலம். பழைய காற்று போய்விட்டது, புதியது வரவில்லை. கடல் எண்ணெய் வார்த்ததுபோல் கிடக்கும் நாட்கள் பல. "காற்று இல்லாவிட்டால் என்ன? சிறிது தூரம் இயந்திரத்தால் ஓட்டுவோம், இடையிடையே வரும் மெல்லிய காற்றைப் பிடித்துக்கொள்வோம்" என்பது பெரியவரின் திட்டம். அவர் ஏற்றிச் செல்லக்கூடிய எரியெண்ணெய் வழியில் மூன்றில் ஒரு பங்கிற்கே போதும். எனினும் மகளின் முகம் கண்முன் நிற்கும்போது மனிதன் எண்ணெயை அளந்து பார்ப்பானா?

அக்டோபர் இறுதியில் ஒருநாள் நங்கூரக் கயிறு வாங்குவதற்காகத் தோப்பும்படி மீன்பிடித் துறைமுகத்திற்கு அவரை அழைத்துச் சென்றேன். அங்கே ஆழ்கடல் விசைப்படகுகளில் தொழில் செய்பவர்களில் கன்னியாகுமரி மாவட்டத்துத் தூத்தூர்ப் பக்கத்தவர் மிகுதி. தமிழ்க்குரல் கேட்டு நின்றேன். வலை பழுதுபார்த்துக்கொண்டிருந்த நடுவயதினர் ஒருவர் எங்களை உட்காரச் சொன்னார். வெள்ளைக்காரப் பெரியவர் நவம்பர் தொடக்கத்தில் சலாலா போகிறார் என்றதும், அவர் கை ஊசியோடு நின்றுவிட்டது.

"எத்தனை பேரு போறாங்க மக்களே?"

"இரண்டே பேர்தான் அண்ணே. கடல் இப்போது அமைதியாகத்தானே இருக்கிறது?"

"ஒக்கி வந்ததுக்கு முந்தின நாளும் அமைதியாத்தான் இருந்துது."

பிறகு அவர் பேசியதை நான் ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டே வந்தேன். 2017ஆம் ஆண்டு நவம்பர் 29ஆம் நாள் இலங்கைக்கு அருகே ஒரு காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் உருவாயிற்று. மறுநாள் காலையிலேயே அது ஒக்கிப் புயலாகிவிட்டது. முன்பே ஆழ்கடலுக்குச் சென்றிருந்தவர்களுக்குச் செய்தி எட்டவில்லை; எட்டியிருந்தாலும் கரை திரும்ப நேரமில்லை. கன்னியாகுமரியிலும் கேரளத்திலும் நூற்றுக்கணக்கான மீனவர் மாண்டும் காணாமலும் போயினர். தம் ஊரில் இழவு விழாத தெரு இல்லை என்று அவர் சொன்ன இடத்தில் எனக்கு ஆங்கிலம் வரவில்லை. நான் நின்றுவிட்டேன். பெரியவர் எதையும் கேட்கவில்லை, அவருக்குப் புரிந்திருந்தது.

இடைக்காலத்திற்கும் புயலுக்கும் உள்ள தொடர்பை விஞ்ஞானம் தெளிவாக்கியிருக்கிறது. புயல் உருவாக வெப்பமான கடல்நீர் வேண்டும். 26 அல்லது 27 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பம் போதும். அத்துடன், கீழே வீசும் காற்றும் மிக உயரத்தில் வீசும் காற்றும் திசையிலும் வேகத்திலும் பெரிதும் வேறுபடாதிருக்க வேண்டும். வேறுபட்டால், எழும்பும் மேகக்கோபுரம் சாய்ந்து சிதைந்துவிடும். தென்மேற்குப் பருவம் உச்சத்தில் இருக்கும்போது இவ்வேறுபாடு மிகுதி. ஆகவே அப்போது அரபிக்கடலில் பெரும்புயல்கள் அரிது. பருவம் மாறும் மாதங்களில் அவ்வேறுபாடு குறைகிறது. கடலோ வெப்பமாகவே இருக்கிறது. காற்றில்லாத அமைதியும் புயலுக்கு ஏற்ற சூழலும் ஒரே மாதங்களில் அமைந்திருப்பது இதனால்தான். சனவரியில் கடல் சற்றுக் குளிர்ந்து, வறண்ட நிலக்காற்றும் பரவுவதால் புயல் அச்சம் வெகுவாகக் குறைகிறது.

அன்று மாலை படகில் கணவனும் மனைவியும் நெடுநேரம் பேசியிருக்க வேண்டும். மறுநாள் அம்மையார் என்னிடம், "நான் மட்டும் விமானத்தில் போய் வருகிறேன். இவர் இங்கே படகோடு இருப்பார். அடிக்கடி வந்து பார்த்துக்கொள்" என்றார். டிசம்பர் தொடக்கத்தில் அவர் சென்றார். பேத்தி பிறந்த செய்தி வந்தபோது பெரியவர் படகில் தனியே இருந்தார். எனக்கும் துறைக் காவலருக்கும் இனிப்பு வழங்கினார்.

அடிப்பலகையின் கணக்கு

காத்திருப்பதற்கும் ஒரு விலை உண்டு. அதனைக் கேட்டு வாங்குவது நீருக்குள் இருக்கும் உயிர்கள். கொட்டலசு எனப்படும் சிறு ஓட்டுயிர்கள் படகின் அடியில் ஒட்டி வளர்ந்து, வழவழப்பான பரப்பைச் சொரசொரப்பாக்கிவிடுகின்றன. படகின் வேகம் குறைகிறது. மரக்கலமாயின் இன்னும் கொடிய பகை ஒன்று உண்டு. மரத்தைத் துளைத்து உள்ளேயே வாழும் கப்பற்புழு. பெயரில் புழுவாயினும் அது சிப்பி இனத்தைச் சேர்ந்தது.

கொச்சிக் காயலில் இவ்வுயிர்களின் வாழ்வை உப்பு ஆள்கிறது. கடல்நீரில் ஆயிரம் பங்கிற்கு 35 பங்கு உப்பு. மழைக்காலத்தில் பெரியாறும் பிற ஆறுகளும் நன்னீரைக் கொண்டுவந்து கொட்டுவதால், காயலின் மேல்நீரில் உப்பு அறவே இல்லாத நாட்களும் உண்டு. நீரில் மிதந்து வரும் ஆகாயத்தாமரைத் திரள்களே அதற்குச் சாட்சி. அப்போது ஒட்டுயிர்கள் பெரும்பாலும் மடிந்துவிடுகின்றன. மழை ஓய்ந்ததும் கடல்நீர் மெல்ல உள்ளே ஏறுகிறது. அதனுடன் அவற்றின் குஞ்சுகளும் வருகின்றன. செப்டம்பரில் நான் இறக்கிய தகடுகள் பல நாள் வெறுமையாகவே இருந்தன. நவம்பரில் இறக்கியவற்றில் எண்ணி முடியாத வெள்ளைப் புள்ளிகள்.

பெரியவரின் படகிற்கும் அதே கதிதான். படகின் அடியில் பூசும் வண்ணத்தில் செம்புச் சேர்மங்கள் உண்டு; அவை ஒட்டுயிர்களை ஓரளவே தடுக்கும். முன்பு வெள்ளீயச் சேர்மங்களைக் கலந்து வந்தனர். அவை பிற கடலுயிர்களுக்குப் பெருங்கேடு செய்ததால், 2001இல் ஏற்பட்டு 2008இல் நடைமுறைக்கு வந்த உலக உடன்படிக்கையால் விலக்கப்பட்டன. ஆகவே டிசம்பர் இறுதியில் அவர் மூச்சடக்கி மூழ்கிச் சுரண்ட, நான் மேலிருந்து கயிற்றைப் பிடித்துக்கொண்டேன். சுரண்டியவற்றில் ஒரு பிடி இன்னும் என் ஆய்வுக்கூடத்துப் புட்டியில் இருக்கிறது.

பழைய நாட்குறிப்பு

நிற்க. இந்தத் தம்பதியரின் நாட்களை ஒரு பழைய நூலோடு ஒப்பிட்டுப் பார்த்தபோது நான் திகைத்தேன். கி.பி. முதல் நூற்றாண்டில் உரோம அறிஞர் பிளினி, எகிப்திலிருந்து முசிறிக்கு வரும் வழியை எழுதியிருக்கிறார். நடுக்கோடையில் எகிப்தின் பெரனிகேத் துறையிலிருந்து புறப்பாடு. செங்கடலைக் கடக்க ஏறத்தாழ 30 நாள். அங்கிருந்து முசிறிக்கு 40 நாள். கூட்டிப் பார்த்தால் முசிறியை அடைவது செப்டம்பரில். திரும்பும் காலம் எது? டிசம்பர், அல்லது பிந்தினால் சனவரி நடுப்பகுதிக்குள். இரண்டாயிரம் ஆண்டுக்குப் பின் வந்த நம் படகும் அதே மாதத்தில் வந்து, அதே மாதத்தில் மீண்டது. காற்று தன் நாட்காட்டியை மாற்றிக்கொள்ளவில்லை.

யவனர் கலங்கள் முசிறிக்குப் பொன் கொணர்ந்து மிளகு ஏற்றிச் சென்ற செய்தியை அகநானூறு கூறுகிறது. பள்ளியில் அதனைப் படித்தபோது, வருதலுக்கும் திரும்புதலுக்கும் இடையே மூன்று மாதம் கிடந்தது என்று எனக்குத் தோன்றியதே இல்லை. அந்த மூன்று மாதம் மாலுமிகள் எங்கே உறங்கினர்? எதை உண்டனர்? எம்மொழியில் பேசினர்? கொடுங்கல்லூருக்கு அருகே பட்டணம் என்னும் சிற்றூரில் 2007 முதல் நடந்த அகழாய்வில் மத்தியதரைக்கடல் நாட்டு மதுச்சாடிகளின் ஓடுகள் ஏராளமாகக் கிடைத்தன. அவ்வூரே முசிறி என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. மிளகு காய்த்துப் பறிக்கும் காலமோ பெரும்பாலும் டிசம்பருக்குப் பின். ஆதலின் வருபவனுக்கு விற்க முந்திய ஆண்டு மிளகைக் காத்து வைத்திருக்க வேண்டும். அதற்குப் பண்டகசாலை வேண்டும். கடன் கொடுப்பவன் வேண்டும். எடை பார்ப்பவனும் மொழிபெயர்ப்பவனும் வேண்டும். துறைமுகம் நகரமாக வளர்வது இவ்வாறுதான் என்று கருதுகிறேன்.

1341ஆம் ஆண்டு பெரியாற்றில் பெருவெள்ளம் வந்து பழைய துறையைத் தூர்த்து, கொச்சியின் வாயிலை அகலத் திறந்தது என்பர் வரலாற்றாசிரியர். இடம் மாறியது, நாட்காட்டி மாறவில்லை. போர்ச்சுகீசியர் முதன்முதலாகக் கொச்சிக்கு வந்தது 1500 டிசம்பரில்; மிளகு ஏற்றிச் சென்றது 1501 சனவரியில். பின்வந்த அவர்களுடைய கப்பல் அணிகளும் வசந்தத்தில் லிஸ்பனை விட்டு, செப்டம்பரை ஒட்டி இந்தியக் கரை சேர்ந்து, டிசம்பர் சனவரியில் திரும்பின. வாஸ்கோ ட காமா கொச்சியில் உயிர்நீத்தது 1524 டிசம்பர் 24ஆம் நாள். திரும்பும் காற்று வீசும் பருவத்தில் அவர் உடல் இங்கே அடக்கம் செய்யப்பட்டு, பல ஆண்டுக்குப் பின்பே போர்ச்சுகல் சென்றது.

இந்நாட்காட்டியை உடைத்தவை இரண்டு. ஒன்று நீராவி. மற்றொன்று மண்வாரிக் கப்பல். கொச்சியின் வாயிலில் கிடந்த மணற்றிட்டைப் பெரிய கப்பல்கள் தாண்ட முடியாது. அவை வெளிக்கடலிலேயே நங்கூரமிட்டன. மழைக்காலத்தில் அதுவும் இயலவில்லை. 1920இல் இங்கு வந்த பொறியாளர் இராபர்ட் பிரிஸ்டோ அத்திட்டை வெட்டி ஆழ்வழி அமைத்தார். 1928 மே மாதத்தில் 'பத்மா' என்னும் நீராவிக் கப்பல் உள்துறைக்குள் நுழைந்தது. வெட்டிய மண்ணைக் கொட்டி உண்டாக்கியதே 700 ஏக்கருக்கும் மேற்பட்ட வில்லிங்டன் தீவு. அன்றுமுதல் பெருங்கப்பல்களுக்கு இங்கே பருவம் என்று ஒன்று இல்லை. எந்நாளும் வரலாம், போகலாம். அது பெருநன்மை என்பதில் ஐயமில்லை. ஆனால் காத்திருந்தவர்களின் நகரத்தில் காத்திருக்க இனி எவரும் வரவில்லை. சிறு பாய்மரப் படகுகளைத் தவிர.

தங்கியவர்கள்

பெரியவர் தம் வாரங்களை வீணாக்கவில்லை. மட்டாஞ்சேரித் தெருக்களில் என்னோடு நடந்தார். 1568இல் எழுந்த யூதர் ஆலயத்தைப் பார்த்தோம். அதனைக் கட்டியோரின் வழிவந்தவர் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குச் சென்றுவிட்டனர். குசராத்தி வணிகர் தெருவையும் கொங்கணியர் கோயிலையும் பார்த்தோம். எல்லோரையும் காற்றே கொண்டுவந்தது என்று சொல்லிவிட முடியாது. கொங்கணியர் பலர் கோவாவில் போர்ச்சுகீசியரின் கொடுமைக்கு அஞ்சி வந்தவர்கள். ஆயினும், வந்தவன் சில காலம் தங்குவது இயல்பு என்று பழகிப்போன ஊரில்தான், அவர்கள் எல்லோருக்கும் இடம் கிடைத்திருக்க வேண்டும்.

ஒருநாள் அவருடைய துணிகளை வெளுக்கப் போட, கோட்டைக் கொச்சியின் தோபிக்கானாவிற்குச் சென்றோம். அங்கே வெளுப்பவர்கள் தமிழ் பேசும் வண்ணார் குடும்பத்தார். தம் முன்னோரைத் தமிழகத்திலிருந்து டச்சுக்காரர் படைவீரர்களின் துணி வெளுக்க அழைத்து வந்ததாகக் கூறுவர். டச்சுக்காரர் ஆட்சி 1795இல் முடிந்துவிட்டது. இவர்கள் இருக்கிறார்கள். கஞ்சி போட்ட சட்டையை மடித்துக்கொண்டே ஒரு பாட்டி, "நீ எந்த ஊரு தம்பி? இங்க எத்தன நாளைக்கு?" என்று கேட்டார். "படிப்பு முடியும்வரை" என்றேன். "எங்க ஆளுங்களும் அப்படித்தான் வந்தாங்களாம்" என்று சிரித்தார்.

சனவரி முதல் வாரத்தில் அம்மையார் திரும்பி வந்தார். பேத்தியின் படம் ஒன்றைப் படகின் உட்சுவரில் ஒட்டினார். குடிநுழைவு, சுங்கம், துறைமுக அலுவலகம் என்று முத்திரை பெற ஒருநாள் கழிந்தது. மறுநாள் விடியற்காலை இறங்குநீரோடு படகு புறப்பட்டது. சீனவலைகளைத் தாண்டியதும் பாய் விரிந்தது. கிழக்கிலிருந்து சில்லென்று காற்று வீசிக்கொண்டிருந்தது. தோப்பும்படியில் வலை பின்னிய அந்த அண்ணனுக்குச் செய்தி சொல்ல வேண்டும் என்று பெரியவர் என்னைக் கேட்டுக்கொண்டிருந்தார். பன்னிரண்டாம் நாள் சலாலாவிலிருந்து தகவல் வந்ததும் சென்றேன். அவர் கடலுக்குப் போயிருந்தார். இரண்டு வாரம் கழித்து மீண்டும் சென்று சொன்னேன்.

"சேந்துட்டாங்களா? நல்லது" என்றார். பிறகு வலையை எடுத்துக்கொண்டார்.